வெள்ளத்தில் வாங்கிய பொருளுக்குத் தணிக்கைக் குறிப்பு: பழைய தேதியில் விலைப்புள்ளி தயாரிக்கலாமா?

புதுச்சேரி அரசுத் துறை ஒன்றின் பாகூர்ப் பகுதி அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருக்கும் சகோதரி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் துறையும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருப்பதால் அவற்றையும், அடையாளம் காட்டக்கூடிய வேறு சில விவரங்களையும் விட்டுவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அந்த மழைநீர் வடிவதற்குள் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட நீரும் தென்பெண்ணையில் சேர்ந்து வர, டிசம்பர் 2-ஆம் தேதி ஆற்றங்கரைக் கிராமங்களில் வீடுகளுக்குள் தண்ணீர் நின்றது. அன்றிரவு மேலதிகாரி தொலைபேசியில், "விடியறதுக்குள்ள பம்ப்செட் வந்தாகணும், பேப்பர் வேலையெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொல்லியிருக்கிறார். சகோதரி வில்லியனூரில் இரண்டு இடங்களிலும் அரியாங்குப்பத்தில் ஓர் இடத்திலும் கேட்டுப் பார்த்து, எங்கும் பம்ப் மிச்சமில்லை என்று தெரிந்த பிறகு, கடலூரில் உள்ள ஒரு கடையிலிருந்து ஐந்து டீசல் பம்புகளை ஆளோடு ஒன்பது நாள் வாடகைக்கு எடுத்திருக்கிறார். தார்ப்பாயும் பிளீச்சிங் பவுடரும் அதே கடையில் வாங்கப்பட்டன. நான்கு பில்கள், மொத்தம் 3,86,400 ரூபாய். பணம் வழங்கப்பட்டுவிட்டது. ஆனால் தொகையை அனுமதித்த ஆணையில் "வெள்ள நிவாரண அவசரம் கருதி" என்ற ஒரு வரியைத் தவிர, எந்த அதிகாரத்தின் கீழ், ஏன் அந்தக் கடை என்பதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

2025 ஜனவரி கடைசி வாரத்தில், அதே மேலதிகாரி சொன்னபடி, அதே கடையில் இரண்டு புதிய பம்புகள் 2,10,000 ரூபாய்க்கு வாங்கப்பட்டன. ஒரே நாளில் இரண்டு பில்கள், ஒவ்வொன்றும் 1,05,000 ரூபாய். ஆணையில் அதே "அவசரம் கருதி". அதன்பின் மேலதிகாரி காரைக்காலுக்கு மாற்றலாகிப் போய்விட்டார்.

இப்போது தணிக்கைக் குழு மூன்று ஆட்சேபங்களை எழுப்பியிருக்கிறது: ஒப்பந்தப்புள்ளியோ (டெண்டர்) விலைப்புள்ளியோ (கொட்டேஷன்) கோரப்படவில்லை, கொள்முதல் துண்டாக்கப்பட்டுள்ளது, அரசு மின்-சந்தையான ஜெம் தளத்தின் விலையைவிடக் கூடுதலாகக் கொடுக்கப்பட்டுள்ளது. இதன் பேரில் ஏழு நாளுக்குள் விளக்கம் தருமாறு அலுவலகம் சகோதரிக்கு மெமோ கொடுத்திருக்கிறது. உடன் பணிபுரியும் ஒருவர், தெரிந்த இரண்டு கடைகளின் லெட்டர்பேடில் பழைய தேதியிட்டு விலைப்புள்ளி வாங்கிக் கோப்பில் சேர்த்துவிடலாம் என்கிறார். கடலூரில் அரசுப் பணியில் இருக்கும் உறவினர், "பிரிவு 16 இருக்கும்போது ஏன் பயப்படுகிறீர்கள்" என்கிறார். இன்னொருவர், உடனே உயர் நீதிமன்றத்தில் தடை வாங்கச் சொல்கிறார். சம்பளத்தில் ஆறு லட்சத்தையும் பிடித்துவிடுவார்களோ என்பது சகோதரியின் அச்சம்.

சகோதரி, முதலில் அந்த லெட்டர்பேடு யோசனையைப் பற்றிப் பேசிவிடுகிறேன், ஏனென்றால் மற்றதையெல்லாம் சரிசெய்ய வழி இருக்கிறது, அதைச் செய்துவிட்டால் பிறகு சரிசெய்ய வழியில்லை. இன்றைக்கு உங்கள் மீது இருப்பது நடைமுறைக் குறை ஒன்று. பழைய தேதியிட்ட விலைப்புள்ளி கோப்பில் ஏறிய நொடியில் அது பொய் ஆவணம் புனைதலாகவும், அதை மெய்யெனக் காட்டிப் பயன்படுத்துதலாகவும் மாறிவிடும். பாரதிய நியாய சன்ஹிதாவின் 335, 336, 340 ஆகிய பிரிவுகள் இதற்கென்றே இருக்கின்றன. லெட்டர்பேடு கொடுத்த கடைக்காரரும் உங்களோடு சேர்ந்து மாட்டிக்கொள்வார். கண்டுபிடிக்க மாட்டார்கள் என்று உங்கள் சக ஊழியர் நினைக்கலாம். ஜி.எஸ்.டி. இணையதளத்தில் எண்ணைத் தட்டினால் அந்தக் கடை எந்தத் தேதியில் பதிவு பெற்றது என்பது யாருக்கும் தெரியும். டிசம்பர் 2 தேதியிட்ட தாளில் அதற்குப் பிறகு பெற்ற பதிவு எண் அச்சாகியிருந்தால் விசாரணை அதோடு முடிந்தது. குறிப்புத்தாளின் பக்க எண்ணும், தபால் பதிவேட்டின் வரிசையும் வேறு இருக்கின்றன. தணிக்கைக் குழு கோப்பை ஒருமுறை பார்த்துப் பக்கங்களைப் படியெடுத்துக்கொண்டு போன பிறகு, அதில் புதிதாக முளைக்கும் தாள் எப்படிப் பார்க்கப்படும் என்பதை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இதில் எனக்கு வருத்தம் தருவது வேறொன்று. நீங்கள் உண்மையாகவே அன்றிரவு மூன்று இடங்களில் விசாரித்திருக்கிறீர்கள். கடிதத்தில் அதை ஏதோ போகிறபோக்கில் ஒரு வரியாக எழுதிவிட்டு, இல்லாத விலைப்புள்ளிகளைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வழக்கில் மிக வலுவான சங்கதி அந்த ஒரு வரிதான். இரவு எந்த நேரத்தில், யாரிடம், எந்த எண்ணில் பேசினீர்கள், என்ன பதில் வந்தது என்பதை இன்றைய தேதியிட்டு, "நினைவிலிருந்தும் கைபேசியின் அழைப்புப் பட்டியலிலிருந்தும் இன்று எழுதப்படுகிறது" என்ற குறிப்போடு எழுதிக் கையெழுத்திடுங்கள். தாமதமாக எழுதிய உண்மைக் குறிப்புக்கு மதிப்பு குறைவாக இருக்கலாம். ஆனால் அதை யாரும் குற்றம் என்று சொல்ல முடியாது. அழைப்பு விவரங்களைத் தொலைபேசி நிறுவனங்கள் எப்போதைக்குமாக வைத்திருக்க மாட்டா என்பதால், உங்கள் கைபேசியில் இருப்பதை இன்றே படமெடுத்து வையுங்கள்.

எந்தச் சட்டம் உங்களுக்கு உரியது

உங்கள் உறவினர் சொல்லும் பிரிவு 16, 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தில் இருப்பது. இயற்கைப் பேரிடரின்போதோ, அரசு அறிவித்த அவசரநிலையின்போதோ தேவைப்படும் பணிகளுக்கும் பொருள்களுக்கும் அந்தச் சட்டத்தின் ஒப்பந்தப்புள்ளி நடைமுறையிலிருந்து அது விலக்கு தருகிறது. கடலூர் மாவட்ட அலுவலகங்களுக்கு அது பொருந்தும். பாகூர் அலுவலகத்துக்குப் பொருந்தாது. நமக்கு ஊரும் உறவும் சந்தையும் ஒன்றாகவே இருப்பதாலும், பாகூர்க்காரர் புதுச்சேரி நகரத்துக்குப் போவதைவிடக் கடலூருக்குப் போவது பக்கம் என்பதாலும் இந்தக் குழப்பம் அடிக்கடி வருகிறது. உங்கள் விளக்கத்தில் அந்தப் பிரிவை எழுதிவிட்டீர்கள் என்றால், தனக்கு எந்த விதி பொருந்தும் என்பதே தெரியாமல் வாங்கியவர் என்ற எண்ணத்தைத்தான் அது உண்டாக்கும்.

ஒன்றியப் பிரதேசமான புதுச்சேரியின் துறைகள் பின்பற்றுவது மத்திய அரசின் பொது நிதி விதிகள், 2017. அதில் அவசரத்துக்கு இடமே இல்லை என்று நினைக்க வேண்டாம். விதி 162, தேவை அவசரமானது என்று தகுதியுள்ள அதிகாரி சான்றளித்தால், வழக்கமான தொகை வரம்புக்கு மேலும் விளம்பரமில்லாமல் தேர்ந்த சிலரிடம் மட்டும் கேட்கும் வரையறுக்கப்பட்ட ஒப்பந்தப்புள்ளி வழியாக வாங்க அனுமதிக்கிறது. ஆனால் அவசரத்தின் தன்மை என்ன, அது ஏன் முன்கூட்டியே எதிர்பார்க்க முடியாமல் போனது என்ற இரண்டையும் பதிவுசெய்யச் சொல்கிறது. விதி 166 இன்னும் ஒரு படி போய், அவசரத்தில் குறிப்பிட்ட ஒருவரிடமிருந்துதான் வாங்கியாக வேண்டும் என்ற நிலை இருந்தால் ஒற்றை ஒப்பந்தப்புள்ளியை ஏற்கிறது; அதற்கும் காரணத்தை எழுதித் தகுதியுள்ள அதிகாரியின் ஒப்புதலைப் பெற வேண்டும். ஆளோடு பம்ப் வாடகைக்கு எடுத்தது பொருள் கொள்முதல் ஆகாது, சேவை கொள்முதல் ஆகும் என்பதையும் கவனியுங்கள். விதிவிலக்கான சூழலில் ஒருவரைத் தேர்ந்து சேவை பெறுவதற்கு விதி 204 இருக்கிறது. அது நிதி ஆலோசகரைக் கலந்துகொண்டு செய்ய வேண்டியது, விரிவான காரணமும் கோப்பில் இருக்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட உங்களுக்கு நேரடியாக உதவக்கூடியது பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005-இன் பிரிவு 50. மீட்புக்கோ நிவாரணத்துக்கோ பொருள்களை உடனே வாங்குவது அவசியம் என்று தேசிய, மாநில அல்லது மாவட்ட ஆணையம் கருதினால், ஒரு துறைக்கு அவசரக் கொள்முதல் செய்ய அதிகாரம் அளிக்கலாம். அப்படி அளித்தால் ஒப்பந்தப்புள்ளி கோரும் நடைமுறை தள்ளுபடி செய்யப்பட்டதாகவே கொள்ளப்படும். அதோடு, அந்த ஆணையம் அதிகாரமளித்த கட்டுப்பாட்டு அலுவலர் தரும் பயன்பாட்டுச் சான்றிதழே கணக்குக்குச் செல்லத்தக்க ஆவணமாகும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. வெள்ளம் வந்தாலே விதிகள் தாமாக விலகிக்கொள்ளும் என்று அலுவலகங்களில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. பிரிவு 50 அப்படிச் சொல்லவில்லை. வெள்ளம் காரணம்தான், விலக்கு தருவது ஆணையத்தின் அதிகாரமளிப்பு.

ஆகவே உங்கள் முதல் வேலை, 2024 நவம்பர் இறுதியிலும் டிசம்பர் முதல் வாரத்திலும் மாவட்ட ஆட்சியர், மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவர் என்ற முறையில் பிறப்பித்த உத்தரவுகளையும், உங்கள் துறைத் தலைமை அலுவலகத்துக்கு வந்த சுற்றறிக்கைகளையும் தேடி எடுப்பது. இத்தகைய நாள்களில் "எல்லாத் துறைகளும் தேவையான பொருள்களை உடனே ஏற்பாடு செய்துகொள்ளலாம்" என்ற பாணியில் பொதுவான உத்தரவுகள் போவது வழக்கம். கீழ் அலுவலகத்துக்கு அவை வந்து சேர்வதில்லை, சேர்ந்தாலும் கோப்பில் ஏறுவதில்லை. ஆய்வுக் கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்புகளையும் கேளுங்கள். அலுவலக வழியில் கிடைக்கவில்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம் போடத் தடையில்லை. உத்தரவு கிடைத்தால் டிசம்பர் கொள்முதலில் ஒப்பந்தப்புள்ளி பற்றிய ஆட்சேபத்துக்குப் பெரும்பாலும் அதுவே பதில். கிடைக்காவிட்டால் 162, 166, 204 ஆகிய விதிகளைக் கொண்டு, காரணம் இருந்தது, எழுதத் தவறிவிட்டோம் என்று சொல்லி, நடந்து முடிந்ததற்குப் பிறகு பெறும் பின்னேற்பு ஒப்புதலுக்கு முன்மொழிய வேண்டியிருக்கும். பின்னேற்பு என்பது உரிமையாகக் கேட்டுப் பெறுவதில்லை. காரணம் நியாயமாக இருந்தால் மேலதிகாரம் தரக்கூடியது.

இதை இடையில் சொல்லி வைக்கிறேன், அடுத்த மழைக்கு உதவும்: அதே சட்டத்தின் பிரிவு 65-இன்படி ஆணையம் எழுத்து உத்தரவின் மூலம் தனியாரிடம் உள்ள வாகனத்தையும் கருவிகளையும் நிவாரணத்துக்கு எடுத்துக்கொள்ளலாம், பிரிவு 66-இன்படி இழப்பீடு கொடுத்தாக வேண்டும். விலை பேச நேரமில்லாத இரவில், பம்ப் வைத்திருப்பவரோடு வாடகை பேசுவதைவிட அது பல நேரங்களில் சுத்தமான வழி.

வாய்மொழி உத்தரவும் உங்கள் லாக் புக்கும்

"அவர் போனில் சொன்னதற்கு என்ன ஆதாரம்" என்று கேட்டிருக்கிறீர்கள். மத்திய குடிமைப் பணிகள் (நடத்தை) விதிகள், 1964-இன் விதி 3(2), மேலதிகாரியின் உத்தரவு சாதாரணமாக எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது. வாய்மொழியாகச் சொல்வது தவிர்க்க முடியாததானால் அவர் உடனே எழுத்தில் உறுதிப்படுத்த வேண்டும் என்கிறது. அதை வாங்கிக்கொண்ட கீழ்நிலை ஊழியரும் கூடிய விரைவில் எழுத்துறுதி கேட்க வேண்டும் என்கிறது. அவர் தரப்பில் ஒரு கடமை தவறியது, உங்கள் தரப்பிலும் ஒன்று தவறியது. நடந்த கொள்முதலின் விவரங்களோடு, அன்றிரவு அளித்த உத்தரவை உறுதிப்படுத்தக் கோரிக் காரைக்காலில் இருக்கும் அவருக்கு இன்றைய தேதியில், உங்கள் அலுவலகத் தலைவர் வழியாகவே கடிதம் எழுதுங்கள். குற்றம் சாட்டும் தொனி வேண்டாம். அவர் உறுதிப்படுத்தினால் நல்லது. பதிலே எழுதாவிட்டாலும் நீங்கள் கேட்ட கடிதம் கோப்பில் நிற்கும். அந்த நாள்களின் வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காமல் வையுங்கள். கைபேசியையும் மாற்ற வேண்டாம், ஏனென்றால் மின்னணுப் பதிவை விசாரணையில் சான்றாக வைக்க நேர்ந்தால் பாரதிய சாட்சிய அதினியத்தின் பிரிவு 63-இன்படி சான்றிதழ் இணைக்க வேண்டும். மூலக் கருவி உங்கள் கையில் இருந்தால் அது எளிது.

விலை பற்றிய ஆட்சேபத்துக்கு வருகிறேன். ஜெம் தளத்தில் ஒரு தார்ப்பாய்க்குப் போட்டிருக்கும் விலை, பல நாள் கழித்து வந்து சேரும் தார்ப்பாயின் விலை. விடியற்காலையில் முழங்கால் தண்ணீரில் கொண்டுவந்து இறக்கிய தார்ப்பாயோடு அதை அப்படியே ஒப்பிட முடியாது. ஆனால் "அவசரத்தில் விலை பார்க்க முடியுமா" என்று எதிர்க்கேள்வி போட்டும் தப்பிக்க முடியாது. ஒப்பந்தப்புள்ளி தள்ளுபடியாகலாம், விலை நியாயமாக இருந்ததா என்ற கேள்வி எப்போதும் தள்ளுபடியாவதில்லை. பொதுக் கொள்முதலின் அடிப்படை நெறிகளைச் சொல்லும், பொது நிதி விதிகளின் விதி 144-ஐயும் எந்த அவசரமும் நிறுத்திவைப்பதில்லை. அதே வாரத்தில் வேறு துறைகளும் கொம்யூன் பஞ்சாயத்துகளும் என்ன வாடகைக்குப் பம்ப் எடுத்தன என்பதற்கான ஆணை நகல்களைக் கேளுங்கள். கடலூர்க் கடைக்காரரிடம் புயலுக்கு முந்தைய வாரத்திலும் பிந்தைய வாரத்திலும் தனியாருக்குப் போட்ட வாடகை பில்களின் நகலைக் கேளுங்கள். வாடகைக்குள் டீசலும் ஆள்கூலியும் வண்டி வாடகையும் அடங்கியிருந்தால் அவற்றைப் பிரித்துக் காட்டுங்கள். தணிக்கைக் குழு வெறும் பம்ப் வாடகையோடு ஒப்பிட்டிருக்கும் வாய்ப்பு அதிகம்.

பம்ப் ஓடிய நேரத்தைக் குறித்த லாக் புக்கிலிருந்து நீங்கள் அனுப்பிய பக்கத்தை இரண்டு முறை படித்தேன். டிசம்பர் 4-ஆம் தேதிப் பக்கத்தில், "காலை 5.10, பம்ப் 3, டீசல் 20 லிட்டர் ஊற்றியது. காற்று பிடித்து நின்றுவிட்டது. 6.40 மறுபடி ஓட்டம்" என்று ஓட்டியவர் கோணல் எழுத்தில் எழுதி, கீழே உங்கள் ஊழியரும் கையெழுத்திட்டிருக்கிறார். பிறகு உட்கார்ந்து தயாரித்த லாக் புக்கில் பம்ப் பழுதாகி நிற்காது. எல்லாப் பம்பும் காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை சீராக ஓடும். இந்தப் பக்கத்தைப் பார்க்கும் எந்தத் தணிக்கையாளரும் பம்ப் உண்மையில் வந்தது, ஓடியது என்பதைச் சந்தேகிக்க மாட்டார். ஆனால் இதே பக்கம் ஒரு சிக்கலையும் காட்டுகிறது, நீங்கள் கவனித்தீர்களா தெரியவில்லை: அன்றைக்குப் பம்ப் 3-க்கும் பன்னிரண்டு மணி நேர வாடகை முழுதாகப் பில்லில் இருக்கிறது. நின்றுபோன ஒன்றரை மணி நேரத்துக்கும் பணம் கொடுக்கப்பட்டிருக்கிறது. ஒன்பது நாள் பக்கங்களையும் பில்களோடு வைத்து மணி மணியாகச் சரிபாருங்கள். இப்படி வரும் மிகைத்தொகை சில ஆயிரங்களுக்குள்தான் இருக்கும். அதைக் கடைக்காரரிடமிருந்து திரும்பப் பெற்று அரசுக் கணக்கில் சலான் மூலம் செலுத்த அலுவலகத் தலைவரின் அனுமதி கேளுங்கள்; சலான் நகலை விளக்கத்தோடு இணையுங்கள். நீங்களே கண்டுபிடித்துச் சொன்ன சிறிய மிகை, மற்ற கணக்குகளை நம்பவைக்கும்.

தார்ப்பாய்க்கும் பிளீச்சிங் பவுடருக்கும் இருப்புப் பதிவேட்டில் வரவு, கிராமவாரியாக வழங்கிய பட்டியல், பெற்றுக்கொண்டவர்களின் கையெழுத்து அல்லது கைரேகை ஆகியவை இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை, நகல் எடுத்து இணைத்தால் போதும்.

ஜனவரியில் வாங்கியவை

உங்கள் கடிதத்தில் டிசம்பரைப் பற்றி மூன்று பக்கமும் ஜனவரியைப் பற்றி நான்கு வரியும் இருக்கின்றன. நான் பயப்படுவது அந்த நான்கு வரிக்குத்தான். பிரிவு 50 பேசுவது மீட்புக்கும் நிவாரணத்துக்கும் உடனடியாகத் தேவைப்படும் கொள்முதலை. ஜனவரி கடைசி வாரத்தில் தண்ணீர் வடிந்து, வடகிழக்குப் பருவமழையும் முடிந்திருந்தது. "அடுத்த மழைக்குக் கையிருப்பு வேண்டும்" என்பது நல்ல நோக்கம்தான், ஆனால் அடுத்த மழை அக்டோபரில்தான் வரும். இடையில் ஜெம் தளத்தில் வாங்கவோ, விளம்பர ஒப்பந்தப்புள்ளிக்கு விதி 161 கேட்கும் குறைந்தது மூன்று வார அவகாசம் கொடுக்கவோ தாராளமாக நேரம் இருந்தது. எதிர்பார்க்கக்கூடிய தேவைக்கு அவசரம் என்று எழுதியது எந்த விதியின் கீழும் நிற்காது. வாடகைக்கு எடுப்பதும் நிரந்தரச் சொத்தாக வாங்குவதும் வெவ்வேறு என்பதும் இதில் உங்களுக்கு எதிராகப் போகிறது.

துண்டாக்கிய ஆட்சேபத்தைப் பொறுத்தவரை, போட்டி விலைக்கான நடைமுறையையோ மேலதிகாரத்தின் அனுமதியையோ தவிர்ப்பதற்காகத் தேவையைச் சிறு பகுதிகளாகப் பிரித்து வாங்கக் கூடாது என்று விதி 157 சொல்கிறது. டிசம்பரின் நான்கு பில்கள் வெவ்வேறு பொருளுக்கும் சேவைக்கும், வெவ்வேறு நாளுக்கும் உரியவை என்பதால் அவற்றை விளக்க முடியும். ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே மாதிரிப் பம்புக்கு, ஒரே தொகையில் இரண்டு பில் என்பதற்கு நல்ல விளக்கம் எனக்குத் தோன்றவில்லை. எந்த வரம்புக்குள் நிறுத்துவதற்காகப் பிரித்தார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். பொது நிதி விதிகள் 2017-இல் வெளிவந்தபோது, விலைப்புள்ளி இல்லாமல் வாங்கும் வரம்பு விதி 154-இன்படி 25,000 ரூபாய். ஜெம் தளத்தில் கிடைக்காத பொருளை மூன்று பேர் கொண்ட கொள்முதல் குழு சந்தையில் விசாரித்து வாங்கும் வரம்பு விதி 155-இன்படி 2,50,000 ரூபாய். வரம்புகள் அவ்வப்போது திருத்தப்படுவதால், கொள்முதல் நாளன்று நடப்பில் இருந்த தொகையையும், உங்கள் அலுவலகத் தலைவருக்கு இருந்த நிதி அதிகாரத்தையும் கணக்கு அலுவலரிடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். இரண்டு பம்பையும் சேர்த்தே ஒரு குழு முறைப்படி வாங்கியிருக்கலாம் என்று தெரிந்தால், பிரித்ததில் யாருக்கும் லாபம் இருந்திருக்கவில்லை என்று வாதிடலாம். ஆனாலும் அந்தக் குழுவின் சான்றிதழ் இல்லை என்ற குறை மிஞ்சும்.

ஆகவே டிசம்பரையும் ஜனவரியையும் ஒரே "வெள்ள அவசரம்" என்ற கயிற்றில் கட்டாதீர்கள். கட்டினால் வலுவில்லாத ஜனவரி, வலுவுள்ள டிசம்பரையும் இழுத்துக்கொண்டு மூழ்கும். ஜனவரியைப் பற்றித் தனியாக, உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்: யார் கருத்துரு வைத்தார், யார் ஒப்புதல் தந்தார், உங்கள் பங்கு எதுவரை, பம்புகள் இப்போது எங்கே இருக்கின்றன, சொத்துப் பதிவேட்டில் எந்தப் பக்கத்தில் ஏறியிருக்கின்றன. கோப்பைத் தொடங்கிய முதல் குறிப்பு உங்களுடையது என்றால் அதையும் மறைக்க வேண்டாம்.

பிடித்தமும் தடை உத்தரவும்

தணிக்கைக் குறிப்பு என்பது குற்றச்சாட்டு அல்ல. அது உங்கள் அலுவலகத்திடம் கேட்கப்பட்ட கேள்வி. பதில் சொல்ல வேண்டியவர் அலுவலகத் தலைவர். பதில் ஏற்கப்படாவிட்டால் அது ஆய்வு அறிக்கையில் பத்தியாக வரும். அதற்கு நான்கு வார அவகாசம் உண்டு. நீங்களாகத் தணிக்கை அலுவலகத்துக்கு நேரடியாகக் கடிதம் எழுதிவிடாதீர்கள். உங்களுக்கு வந்திருக்கும் மெமோவும் விளக்கம் கேட்பது மட்டுமே.

ஆறு லட்சத்தையும் நாளைக்கே சம்பளத்தில் பிடித்துவிட முடியாது. ஊழியரின் கவனக்குறைவாலோ உத்தரவை மீறியதாலோ அரசுக்கு ஏற்பட்ட பண இழப்பைச் சம்பளத்தில் வசூலிப்பது, மத்திய குடிமைப் பணிகள் (வகைப்பாடு, கட்டுப்பாடு, மேல்முறையீடு) விதிகள், 1965-இன் விதி 11-இல் சிறு தண்டனையாகச் சொல்லப்பட்டிருக்கிறது. தண்டனை என்பதால் விதி 16-இன்படி எழுத்தில் குற்றச்சாட்டு தந்து, பதில் சொல்ல வாய்ப்பளித்து, அதைப் பரிசீலித்த பிறகே விதிக்க முடியும். அப்போதும் இழப்பு என்பது வாங்கிய மொத்தத் தொகை அல்ல. பம்ப் ஓடியது, பொருள் மக்களுக்குப் போய்ச் சேர்ந்தது. இழப்பு ஏதாவது இருந்தால் நியாய விலைக்கும் கொடுத்த விலைக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே. அதிலும் உங்கள் பங்கு எவ்வளவு, ஆணையில் கையெழுத்திட்டவரின் பங்கு எவ்வளவு என்று பார்க்க வேண்டும். "ஊழல் வழக்குப் போடுவார்களா" என்ற கேள்விக்கு: 2018 திருத்தத்துக்குப் பிறகு ஊழல் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 13, தம்மிடம் ஒப்படைத்த சொத்தைக் கையாடுவதையும் வருமானத்துக்கு மீறிச் சொத்துச் சேர்ப்பதையுமே குற்றமுறு முறைகேடு என்கிறது. லஞ்சம் வாங்காமல், பணத்தைக் கையாடாமல் நடந்த நடைமுறைப் பிழை மட்டும் அதற்குள் வராது. பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் பிரிவு 73 நல்லெண்ணத்தில் செய்த செயலுக்குப் பாதுகாப்பு தருகிறது. டிசம்பருக்கு அதைத் துணையாகக் குறிப்பிடலாம், அதை மட்டுமே நம்பி இருக்க வேண்டாம்.

தடை உத்தரவு இப்போது வேண்டாம். புதுச்சேரி அரசு ஊழியரின் பணி விவகாரம் முதலில் போக வேண்டிய இடம் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு, 1997-இல் எல். சந்திரகுமார் வழக்கின் தீர்ப்புக்குப் பிறகு தீர்ப்பாயத்தைத் தாண்டி நேரே உயர் நீதிமன்றம் போக முடியாது. விளக்கம் கேட்கும் நிலையிலேயே நீதிமன்றத்தை நாடுவதைச் சாதாரணமாக ஊக்குவிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2006-இல் குனிசெட்டி சத்தியநாராயணா வழக்கிலும் சொல்லியிருக்கிறது. இப்போது போனால் முன்கூட்டியே வந்துவிட்டீர்கள் என்று திருப்பி அனுப்புவார்கள். அலுவலகத்தில் இருக்கும் நல்லெண்ணமும் போய்விடும். விதி 16-இன் கீழ் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தாலோ, விசாரணையே இல்லாமல் பிடித்தம் தொடங்கினாலோ அப்போது பார்க்கலாம்.

ஏழு நாளுக்குள் நான் சொன்ன இத்தனை ஆவணங்களையும் திரட்ட முடியாது. ஆகவே மெமோவைப் பெற்ற மூன்றாம் நாளுக்குள், ஆட்சியர் அலுவலக உத்தரவுகள், தணிக்கைக் குறிப்பின் முழு நகல், இரண்டு கொள்முதல் கோப்புகளின் குறிப்புத்தாள் நகல், லாக் புக் நகல் ஆகியவற்றைக் கேட்டும், அவை கிடைத்த நாளிலிருந்து பதினைந்து நாள் அவகாசம் கேட்டும் ஒரு கடிதம் கொடுங்கள். அவகாசம் மறுக்கப்பட்டால் கையில் இருப்பதை வைத்து ஏழாம் நாளில் இடைக்கால விளக்கம் தந்து, முழு விளக்கம் பின்னால் வரும் என்று எழுதுங்கள். பதிலே இல்லாமல் நாளைக் கடத்துவது மட்டும் கூடாது. மாற்றலாகிப் போனவர் மேல் பழியைப் போடும் வாக்கியம் எதுவும் இதில் வேண்டாம், அவர் என்ன சொன்னார் என்பதும் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதும் தேதி வரிசையில் இருந்தால் போதும். எதைக் கொடுத்தாலும் தபால் பிரிவில் கொடுத்து, நகலில் தேதியோடு ஒப்புகை முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அந்த நகலை மட்டும் அலுவலக மேசையில் வைக்காமல் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விடுங்கள்.